கயாங்கான் நெட்டின் நல்லிணக்க விழா

யேசுதாசன் வீட்டில் இணையம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கெடுத்தது ஒரு பரிசு.

பரிசைக் கொடுத்தது கயாங்கான் நெட் கம்பெனி. ஈப்போவில் தங்கள் வைஃபை எட்டாத தாமான் குடியிருப்பே கிடையாது என்று தாங்களே பெரிய பலகையில் எழுதி வைத்துக்கொண்டவர்கள். ஒரு நாள் காலையில், சட்டைப் பையில் சிறகு படம் தைத்த ஆள் ஒருவன் வாசலில் வந்து நின்றான். யேசுதாசன் கம்பெனியின் விசுவாச வாடிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார் என்றான். விரல் நீளத்தில் ஒரு மோடம் குச்சியைக் கையில் வைத்தான். வைஃபை என்றைக்காவது படுத்துக்கொண்டால் இந்தக் குச்சி கைபேசிக் கோபுரத்திலிருந்து இணையத்தை இழுத்துக் கொடுக்குமாம்.

வைஃபை இதுவரை படுத்ததில்லை, வேண்டாம் தம்பி என்று யேசுதாசன் சொல்லிப் பார்த்தார். பெயர் சிஸ்டத்தில் ஏறிவிட்டது, இனி விசுவாசத்தைத் திருப்பி வாங்க முடியாது என்று அவன் வருத்தப்பட்டான். அவனே குச்சியை லேப்டாப்பில் செருகினான். அதற்குண்டான சாப்ட்வேரையும் ஏற்றினான். அதன் பெயர் ஹார்மொனி. வைஃபைக்கு ஏற்கெனவே கம்பெனி ஏற்றி வைத்திருந்த சாப்ட்வேரின் பெயர் கார்டியன். இரண்டுக்கும் ஒரே நீல நிறம், ஒரே சிறகு. போகும்போது யேசுதாசன் தோளில் கை போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு போனான்.

யேசுதாசன் பெல்ரோஸ் ரப்பர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். தோட்டத்தை விற்று, பால்மரங்களைச் சாய்த்தபிறகு ஈப்போவுக்கு வந்து ஒரு பேங்க் வாசலில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தார். அதிலிருந்தும் ஓய்வு பெற்று, குனோங் ராப்பாட் பக்கம் சுண்ணாம்பு மலையின் அடிவாரத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் கேப்ரியல்தான் அந்த லேப்டாப்பை வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மகன் முகத்தைப் பார்ப்பதற்கு மட்டுமே அது திறக்கப்பட்டுவந்தது.

மனைவி இருதயமேரி பெல்ரோஸிலேயே இருந்தாள். தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் இருந்த கல்லறையில். தோட்டம் மூடிய வருஷம்தான் அவள் இறந்தாள். கடைசியாக அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களில் ஒருத்தி. மாதம் ஒரு தடவை யேசுதாசன் மோட்டார் சைக்கிளில் போய்ப் புல்லைப் பிடுங்கிவிட்டு வருவார்.

பரிசு வந்த அதே மாதத்தில், தோட்ட நிலத்தை வாங்கியவர்கள் அமைத்த கல்லறை இடமாற்றக் குழுவிடமிருந்து அழைப்பு வந்தது. அங்கே வீடுகள் கட்டப்போகிறார்கள். கல்லறைகளைத் தோண்டி எடுத்து, நகரத்துக்கு வெளியே வேறு இடத்தில் வைக்கப்போகிறார்கள். ஏதாவது கோரிக்கை இருந்தால் சொல்லலாம். கூட்டம் இணையத்தில் மட்டும்தான் நடக்கும். நேரில் வருகிற மக்களுக்குச் சிரமம் வரக்கூடாது என்பதற்காக நேரில் வருவதையே ரத்து செய்திருந்தார்கள். கைபேசியில் வந்தால் முகம் சிறுத்துத் தெரிந்து துயரத்துக்கு மரியாதை குறைகிறதாம், ஆகவே லேப்டாப் கட்டாயம். ஒரு கல்லறைக்கு ஓர் உறவினர்.

யேசுதாசன் சண்டை போடும் எண்ணத்தில் இல்லை. நிலம் அவருடையதாக என்றைக்கும் இருந்ததில்லை. அவருக்கு ஒரே ஒரு கோரிக்கை இருந்தது. அதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அவர் அதைச் சமையல்கட்டில் நின்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.

பரிசு வந்தபின் முதல் ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்தபோது ஹார்மொனி முதலில் எழுந்தது. பக்கத்தில் வைஃபை ஓடுவதைக் கண்டு திடுக்கிட்டு, "அந்நிய இணைப்பு கண்டறியப்பட்டது. உங்கள் நன்மைக்காக நிறுத்தப்பட்டது" என்று அறிவித்து, அதை அணைத்தது. அந்தச் சத்தத்தில் கார்டியன் விழித்துக்கொண்டது. குச்சியைப் பார்த்தது. "அந்நிய இணைப்பு கண்டறியப்பட்டது. உங்கள் நன்மைக்காக நிறுத்தப்பட்டது" என்று அதே எழுத்தில், அதே நீலத்தில் அறிவித்து, குச்சியை அணைத்தது. பிறகு இரண்டும் சேர்ந்து, இணையம் இல்லை என்று அவரிடம் புகார் சொல்லின.

கேப்ரியல் போனில் வழி சொன்னான். குச்சியைப் பிடுங்கச் சொன்னான், பிடுங்கினார். ஹார்மொனி குச்சியைக் காணோமென்று தேட ஆரம்பித்தது. தேடி முடிக்கும்வரை வைஃபையை விடமாட்டேன் என்றது. அந்தச் சாப்ட்வேரையே அழித்துவிடலாம் என்றான். அழிக்கப் போனால் கம்பெனியின் கடவுச்சொல்லைக் கேட்டது. சரி, குச்சியிலேயே பேசிக்கொள்ளலாம் என்று பார்த்தால், கோபுரம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. குச்சியின் விளக்கு ஒரு தடவை சிமிட்டிவிட்டுச் செத்தது.

"கம்பெனிக்கே போயிருங்கப்பா. அவங்க போட்டது, அவங்கதான் கழட்டணும்," என்றான் கேப்ரியல்.

கம்பெனியின் கிளைக்குப் பெயர் வாடிக்கையாளர் பேரானந்த மையம். வீட்டு வைஃபை பிரிவு கீழ்மாடியில் இருந்தது. மொபைல் பிராட்பேண்ட் பிரிவு மேல்மாடியில். நடுவே ஒரு மாடிப்படி. அந்தப் படியில் ஊழியர்கள் யாரும் ஏறுவதோ இறங்குவதோ இல்லை என்பதை யேசுதாசன் போகப்போகத்தான் கண்டுகொண்டார். அதில் ஏறி இறங்கியவர்கள் அவரைப்போல லேப்டாப்பை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் மட்டுமே.

கீழே ஷர்மினி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்தாள்.

"எங்க வைஃபை ஒண்ணும் ஆகல அங்கிள். உங்க வீட்டு உள்ளுக்கே வந்து நிக்குது. உங்க லேப்டாப்புதான் அத சேத்துக்க மாட்டேங்குது. இது மேல உள்ளவங்க வேலை லா."

ஹார்மொனியை எடுத்துவிட முடியுமா என்று அவர் கேட்டார். அது மேல்மாடிக்காரர்களின் சொத்து, தொட்டால் தன் வேலை போய்விடும் என்றாள். போன வருஷம் ஒருத்தர் தொட்டாராம். இப்போது ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் ஏலம் போடுகிறாராம்.

மேலே பவித்ரன் இருந்தான். அவனும் நல்லவன்தான். குச்சியைத் துணியால் துடைத்து, தன் கணினியில் செருகி, விளக்கு எரிவதைப் பெருமையோடு காட்டினான். யேசுதாசன் தன் வீட்டில் எரியவில்லையே என்றார்.

"எங்க கோபுரம் நல்லா இருக்கு அங்கிள். நடுவுல மலை நிக்குது. மலை எங்க டிபார்ட்மெண்ட் இல்ல."

அப்படியென்றால் ஹார்மொனியையாவது எடுத்துவிடு தம்பி என்று கெஞ்சினார். பவித்ரன் குரலைத் தாழ்த்தினான். ஒரு வீட்டில் குச்சி எடுபட்டால் மேல்மாடிக்கு ஒரு வாடிக்கையாளர் செத்ததாகக் கணக்கு. இந்த மாதம் ஏற்கெனவே நிறையப் பேர் செத்துவிட்டார்கள். கீழ்மாடிக்காரர்கள் தங்கள் கார்டியனை எடுத்தால் எல்லாம் சரியாகும். ஆனால் அவர்கள் பிடிவாதக்காரர்கள், பேசிப் பயனில்லை என்றான். எப்போது பேசினீர்கள் என்று யேசுதாசன் கேட்டார். பேசினதில்லை என்றான் பவித்ரன்.

அவர் கீழே இறங்கினார். மறுபடி ஏறினார். அந்த வாரம் முழுக்க அதே வேலையாக இருந்தது. கீழே இருந்தவர்கள் லேப்டாப்பை வைஃபைக்குத் தோதாகத் திருத்திக் கொடுப்பார்கள். மேலே இருந்தவர்கள் குச்சிக்குத் தோதாகத் திருத்திக் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போய்த் திறந்தால் இரண்டு நீலச் சிறகுகளும் ஒன்றையொன்று அணைத்துவிட்டு அவரைப் பார்க்கும். கூட்ட நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

பரிசையே ரத்து செய்ய வழியில்லையா என்று கடைசியாக ஷர்மினியிடம் கேட்டார். அவள் திரையில் கீழே, இன்னும் கீழே என்று தேடினாள். ஒரு வழி இருந்தது.

"வாடிக்கையாளர் இறந்துட்டா மட்டும் கேன்சல் பண்ணலாம், அங்கிள்."

"நான் இல்லம்மா. என் சம்சாரம்தான் செத்துட்டா," என்றார் யேசுதாசன்.

அவள் விரல்கள் விசையில் பரபரத்தன. பிறகு நின்றன. உதட்டைப் பிதுக்கினாள். "அக்கவுண்ட் அவங்க பேருல இல்லையே," என்றாள். உண்மையிலேயே வருத்தப்பட்டாள். அக்கவுண்டை இருதயமேரி பெயருக்கு மாற்றிவிட்டு, அப்புறம் இறந்ததாகச் சொல்லலாமா என்று யோசித்தாள். மாற்றுவதற்கு இருதயமேரி நேரில் வந்து கைரேகை வைக்கவேண்டியிருந்தது. யேசுதாசன் மூலையில் போட்டிருந்த மென்மையான நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அவர் அங்கேயே உட்கார்ந்திருந்ததை மாநிலத் தலைவர் கார்த்திகேசு பார்த்தார். டை கட்டிய, வாசனையான மனிதர். விஷயத்தைக் கேட்டு அவர் கண்கள் விரிந்தன. யேசுதாசன் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரே வீட்டில் கார்டியனும் ஹார்மொனியும் சந்தித்துவிட்டன என்பதை வாடிக்கையாளர் ஒருவர் முதன்முதலாக நிரூபித்திருக்கிறார் என்றார். இதற்காகவே கோலாலம்பூரில் ஒரு மூன்றாவது சாப்ட்வேரை எழுதி, யாருக்குப் போடுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறார்களாம். அதன் பெயர் மத்தியஸ்தர். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் போதாதா ஐயா என்று யேசுதாசன் கேட்டார். கார்த்திகேசு சிரித்தார். யாரையும் ஒதுக்குவது கம்பெனியின் பண்பாடு இல்லை என்றார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் விழா நடந்தது. மையத்தின் வாசலில் ஷாமியானா கட்டி, நல்லிணக்க விழா என்று பதாகை போட்டிருந்தார்கள். நாசி பிரியாணி வாசனை வந்தது. யேசுதாசனுக்குப் பூப்போட்ட பாத்தேக் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மடியில் லேப்டாப். கீழ்மாடிக்காரர்கள் ஒரு பக்கமும் மேல்மாடிக்காரர்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். ஷர்மினியும் பவித்ரனும் ஒரே ஆரம்பப்பள்ளியில் படித்தவர்கள் என்பது அப்போதுதான் தெரியவந்தது.

கார்த்திகேசு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே, சண்டை இல்லாத வீடு எது? அண்ணன் தம்பி அடிச்சிக்கிட்டா அப்பா ஒருத்தன வெளிய துரத்துவாரா? மத்தியஸ்தர் என்ன செய்வாரு தெரியுமா? இணையத்த ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்தி முறை விட்டுக் கொடுப்பாரு. கொஞ்ச நேரம் வைஃபை, கொஞ்ச நேரம் குச்சி. ரெண்டு பிரிவுக்கும் மனக்குறை இல்ல."

யேசுதாசன் கையை உயர்த்தினார். எழுந்து நின்று, தன் வீட்டில் குச்சிக்கு மலை மறைக்கிறது, அதன் முறை வரும்போது எப்படி ஐயா என்று கேட்டார். கூட்டம் அவரைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தது.

"சமத்துவம்னா அதுதான் ஐயா. வேலை செய்யாதவனுக்கும் முறை வரணும்," என்றார் கார்த்திகேசு. கைதட்டல் எழுந்தது. அது ஓய்வதற்குள், அந்த நேரத்திலும் திரையில் இணைப்பு இருப்பதுபோலவே காட்டும், வாடிக்கையாளர் மனம் தளராமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு என்றும் சேர்த்துச் சொன்னார். அதை யேசுதாசன் சரியாகக் கேட்கவில்லை. படம் எடுக்கிறவர் அவர் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

அவர் விரலைப் பிடித்து விசையை அழுத்தவைத்தார்கள். மத்தியஸ்தர் பச்சை நிறத்தில் எழுந்தார். இணையம் வந்தது. கம்பெனியின் சொந்தக் கட்டடத்தில், இரண்டும் நன்றாகக் கிடைக்கும் இடத்தில், வராமல் எங்கே போகும்? ஆனாலும் யேசுதாசனுக்குக் கண் கலங்கியது. சாயந்திரம் வீட்டில் திறந்தபோதும் வந்தது. கேப்ரியல் முகம் தெளிவாகத் தெரிந்தது. கொஞ்சம் பேசிவிட்டு, நாளைக்காக அதைக் களைப்பாக்க வேண்டாமென்று மூடிவைத்தார்.

மறுநாள் காலையில் குளித்து, மகன் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். லேப்டாப்பை மேசையில் வைத்து முன்னால் உட்கார்ந்தார். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன. பெல்ரோஸ் ஆட்கள் சிலரை அடையாளம் தெரிந்தது. எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. குழுவில் கலாதேவி என்ற அதிகாரி தமிழில் பேசினார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, சொல்லுங்கள், கேட்கிறோம் என்றார். ஒருவர் தன் அப்பாவின் சிலுவையையும் சேர்த்துக் கொண்டுபோகவேண்டும் என்றார். எழுதிக்கொண்டார்கள். ஒருத்தி இறந்த தன் குழந்தையைத் தன் தாயின் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டார்கள். அவ்வளவு எளிதாக இருந்தது.

யேசுதாசன் பெயர் வந்தது. வணக்கம் சொன்னார். கலாதேவி தலையை அசைத்தார். அசைத்த தலை அப்படியே நின்றது. தன் பேச்சைக் கூர்ந்து கேட்கிறார் என்று யேசுதாசன் நினைத்தார். மேலே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது.

"எனக்கு எதிர்ப்பு ஒண்ணும் இல்லம்மா. வீடு கட்டுங்க. எடுக்குற அன்னைக்கி மட்டும் என்கிட்ட சொல்லணும். நான் பக்கத்துல நிக்கணும். அவ பயந்த சுபாவம். பெரியாஸ்பத்திரில டாக்டர் தொட்டா கூட என் கையப் புடிச்சிக்குவா. தெரியாத ஆளுங்க வந்து தூக்குனா ஒரு மாதிரி ஆயிடுவா. நான் இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும், சத்தம் போடாம வந்துருவா. எலும்புக்கு என்ன தெரியும்னு கேப்பீங்க. எனக்கும் தெரியலம்மா. ஆனா அவகூட அத்தன வருஷம் இருந்துட்டு, அன்னைக்கி இல்லாம போறது சரியில்ல. புல்லு வெட்டுற சாக்குலயாவது ஓரமா நின்னுக்குறேன். வேலைக்கி இடைஞ்சல் பண்ணமாட்டேன்."

சமையல்கட்டில் பழகியதைவிட நன்றாகவே வந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. எல்லா முகங்களும் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்கு அந்த மரியாதை பெரிதாகப் பட்டது. முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது வைஃபையின் முறை திரும்பி வந்தது. முகங்கள் குலுங்கி உயிர்பெற்றன. கலாதேவியின் குரல் பாதியிலிருந்து கேட்டது. "...பல தடவை கூப்பிட்டுப் பாத்தோம். திரு. யேசுதாசன் தரப்புல கோரிக்கை எதுவும் இல்லைன்னு பதிவு செய்யிறோம். அடுத்து, திரு. மாயாண்டி யோசேப்பு."

அவர் பதறி மேசையில் இடித்துக்கொண்டு எழுந்தார். இருக்கும்மா, சொன்னேனே, இப்பத்தானே சொன்னேன் என்றார். அவருடைய ஒலிவாங்கியை அவர்கள் அணைத்திருந்தார்கள். மாயாண்டி யோசேப்பு பேச ஆரம்பித்துவிட்டார்.

பின்னால் குழுவின் அலுவலகத்துக்குப் போன் போட்டு, கலாதேவியிடமே பேசும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அந்த அம்மாள் பொறுமையாகவே கேட்டார். திரையில் யேசுதாசன் முகம் நன்றாகத் தெரிந்ததாகவும், வாய் திறந்தபடி இருந்ததாகவும், வார்த்தை ஒன்றும் வரவில்லை என்றும் சொன்னார். துக்கத்தில் சிலருக்கு அப்படி ஆகும். "உங்க மௌனத்த நாங்க மதிக்கிறோம் ஐயா," என்றார். கூட்டம் முடிந்துவிட்டதால் புதிதாக எதையும் சேர்க்க முடியாது.

பேரானந்த மையத்தில் அவருக்கு நல்ல வரவேற்பு இருந்தது. சுவரில் அவர் படம் மாட்டியிருந்தது. அவருடைய பிரச்சினை தீர்ந்துவிட்டதாக இரண்டு பிரிவும் தனித்தனியே தலைமையகத்துக்கு எழுதி, இரண்டுக்குமே பாராட்டு வந்திருந்தது. தீர்ந்த பிரச்சினையை மறுபடி திறக்கவேண்டுமென்றால் இரண்டு பாராட்டையும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றார் கார்த்திகேசு. அவ்வளவு நெஞ்சழுத்தம் உள்ளவரா நீங்கள் என்பதுபோலப் பார்த்தார். ஷர்மினி மட்டும் தலை நிமிரவில்லை. அவர் வெளியே வரும்போது பின்னாலேயே வந்து, அவர் மோட்டார் கூடையில் ஒரு தண்ணீர் போத்தலை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இனி யாரிடமும் சொல்லிப் பயனில்லை, தானே போய் உட்கார்ந்துகொள்வது என்று யேசுதாசன் முடிவு செய்தார். தினமும் காலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு பெல்ரோஸுக்குப் போனார். கல்லறை ஓரத்தில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பினார். யாரும் வரவில்லை. மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கச் சில நாட்கள் ஆயின. மறுபடி போனபோது தகர வேலி எழும்பியிருந்தது. காவலுக்கு நின்ற நேப்பாளி, எல்லாம் எடுத்தாகிவிட்டது, லாரி போய்விட்டது என்று மலாய் மொழியில் சொன்னான். வேலியின் இடுக்கு வழியாகப் பார்த்தார். செம்மண் சமமாக வாரப்பட்டு, மழைநீர் தேங்கியிருந்தது.

புதிய இடத்தை அவர் விசாரித்துக் கண்டுபிடித்தார். நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலைக்குக் கீழே. கோரிக்கை வைத்தவர்களுக்கெல்லாம் தனித்தனியே சிலுவையும் பெயரும் இருந்தன. ஒரு குழந்தையைப் பாட்டியின் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். கோரிக்கை இல்லாதவர்களை ஒரே வரிசையில் வைத்து, மேலே சின்னச் சின்ன சிமெண்டுப் பலகை பதித்திருந்தார்கள். பலகையில் எண் மட்டும் இருந்தது. எந்த எண் யார் என்று அங்கே வேலை செய்தவருக்குத் தெரியவில்லை. பெட்டிகள் அப்படியே வந்து இறங்கின, எண்ணை நாங்கள்தான் போட்டோம் என்றார்.

வரிசை நீளமாக இருந்தது. யேசுதாசன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முதல் பலகையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கையை அதன்மேல் வைத்தார்.

"மேரி, நான்தான்," என்றார்.

பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடுத்த பலகைக்குப் போனார். அங்கேயும் குந்தி உட்கார்ந்து, கையை வைத்து, அதையே சொன்னார்.